தையல் இல்லாத சட்டை

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று சொல்லி வைத்தவர்கள் அந்தத் தெருவைப் பார்த்ததில்லை. அங்கே படை நடுங்கவில்லை, கட்டையோடு ஓடிவந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் கையில் கம்பி, எதிர்வீட்டுக்காரர் கையில் மண்வெட்டி, சைக்கிள் கடைக்காரர் கையில் காற்றடிக்கிற பம்பு. எல்லாரும் தையல் கடை வாசலில் நின்றுகொண்டு, "விடாதீங்க மாஸ்டர், விடாதீங்க!" என்று கத்தினார்களே தவிர, ஒருவர்கூடப் படி தாண்டி உள்ளே வரவில்லை.

உள்ளே மாஸ்டர் வெட்டுத்துணிச் சாக்குக்கு எதிரே குந்தியிருந்தார். ஐந்து நாள் அடைமழை. பின்கதவை ஒட்டிக் கிடந்த சாக்கில் காலருக்குக் கேன்வாஸ் துண்டு தேடிக் கையை விடப்போனவர், நடுவழியில் நிறுத்திக்கொண்டார். துண்டுத் துணிகளுக்கு நடுவே ஒரு பழுப்புத் துணி மெல்ல நகர்ந்தது. இரண்டடி தள்ளி உட்கார்ந்து காஜா போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி அதைப் பார்க்கவில்லை. அவர்தான் பார்த்தார்.

"பாம்பு" என்றார். அந்தக் குரலில் பயம் இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், சந்தோஷம்தான் இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு கதை உண்டு. எட்டு மாதத்துக்கு முன்னால், லைனிங் துணி வாங்கிவருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். புரையாக இருக்கும், எடுத்துவிடலாம் என்று நினைத்துப் போனவரை இருட்டறையில் உட்கார வைத்து, விளக்கடித்து, பொட்டுப் பொட்டாய் வெளிச்சம் காட்டி, கடைசியில் டாக்டர் சொன்னார்: "புரைன்னா எடுத்துடலாம். இது கண்ணுக்குள்ள அழுத்தம். நரம்பு செத்துக்கிட்டே வருது. போனது போனதுதான். மிச்சம் இருக்கறதைக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கத்தான் இந்தச் சொட்டு மருந்து." இடது கண் ஏறக்குறைய போய்விட்டது. வலது கண்ணில் சாவித் துவாரம் அளவுக்கு ஒரு உலகம் மிச்சம் இருந்தது. லைனிங் துணி இல்லாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தவர், "கேட்ட கலர் இல்லையாம்" என்று மனைவியிடம் சொன்னார். சொட்டு மருந்துப் புட்டி, உடைந்த பொத்தான்கள் போட்டுவைக்கும் தகர டப்பாவுக்குள் போயிற்று.

மனைவியிடம் ஏன் மறைக்க வேண்டும்? அதே தெருவில் முன்பு கோட்டு மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். கோட்டு வெட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. சர்க்கரை வியாதியில் கண் போனபிறகு, அவர் வீட்டார் கடை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவரை உட்கார வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லாம், கண் போனவருக்குக் காதும் போய்விட்டதுபோல, அவரிடம் கத்திக் கத்திப் பேசினார்கள். கத்தரியை அவர் கைக்கு எட்டாமல் மேலே தூக்கி வைத்தார்கள். மாஸ்டர் அந்த ஸ்டூலை மறக்கவே இல்லை. தன் கண் போவதைவிட, அது போனது மனைவிக்குத் தெரிகிற நாளுக்குத்தான் அவர் அதிகம் பயந்தார். அன்றைக்குத் தன் கத்தரியும் மேலே போய்விடும் என்று நினைத்தார்.

பாம்பைத் தானே பிடித்தார். சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டி, அப்படியே ஒரு டிரம்மில் போட்டு மூடினார். வாசலில் நின்ற படைக்கு ஏமாற்றம். "அடிக்காம விட்டா அது மனசுல வச்சுக்கும் மாஸ்டர்" என்று பம்புக்காரர் எச்சரித்தார்.

"நீங்க எனக்கு ஒரு வருஷமா பேண்ட் தையல் கூலி பாக்கி வச்சிருக்கீங்க. அதையே நான் மனசுல வச்சுக்கலை. பாம்பா வச்சுக்கப் போகுது?" என்றார் மாஸ்டர். படை கலைந்தது.

மறுநாள் காலையில் மைத்துனன் வேனில் வந்து இறங்கினான். மனைவியின் தம்பி. மூட்டை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறவன், பாம்பு பல்லி எல்லாம் பார்த்துப் பழகியவன். டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு, "சாரை மாமா. விஷமே கிடையாது. எலி திங்கிற ஜாதி. குடுங்க, போற வழியில ஓடைப் பக்கம் விட்டுட்டுப் போறேன்" என்றான்.

"இருக்கட்டும் மாப்ள."

"இருக்கட்டுமா?" மனைவி திரும்பினாள். "எங்க இருக்கட்டும்? என் தலையில வச்சுக்கவா?"

"கடையில எலி எவ்வளவு துணியை நாசம் பண்ணுது. இது இருந்தா நல்லதுதானே."

"அதுக்கு ஒரு பூனை வளர்க்கலாம். ஊர்ல எவனாவது எலிக்குப் பயந்து பாம்பு வளர்ப்பானா?"

நியாயமான கேள்வி. 'நான் பார்த்தது, நானே கண்டுபிடித்தது, அதனால் எனக்கு வேண்டும்' என்று ஐம்பத்தெட்டு வயதில் எப்படிச் சொல்வது? வாசலில் யாரோ வண்டியை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். மைத்துனன் பாம்பும் நோகாமல் பாம்படித்த கோலும் நோகாமல் ஒரு வழி சொன்னான்: "சண்டை எதுக்கு? பூவா தலையா போட்டுப் பாருங்க. பூ விழுந்தா நான் கொண்டுபோய் விட்டுடறேன். தலை விழுந்தா மாமா வச்சுக்கட்டும். நான் வேனைத் தள்ளி நிறுத்திட்டு வந்துடறேன்." ஒரு காசை மாமாவின் கையில் வைத்துவிட்டு ஓடினான்.

மாஸ்டர் சுண்டினார். பிடிக்கக் கை நீட்டியபோது காசு எங்கேயோ இருந்தது, கை எங்கேயோ இருந்தது. சிமெண்டுத் தரையில் விழுந்து, உருண்டு, தையல் மிஷின் கால்மிதியை ஒட்டிச் சுழன்று படுத்தது. சத்தம் வந்த திக்கை வைத்துப் போய்க் குனிந்தார். தரையும் சாம்பல், காசும் சாம்பல். பொறுக்குகிற சாக்கில் கட்டைவிரலால் அதன் மேல் ஒரு தடவு தடவினார். பல பேர் கைபட்டுத் தேய்ந்த காசு. பூவுக்கும் தலைக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியவில்லை.

மனைவி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"தலை" என்றார் அவர்.

அவள் காசையே பார்த்தாள். "தலைதானே?" என்று இன்னொரு தரம் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"ஆமா" என்றாள் அவள், கொஞ்சம் தாமதமாக. "தலைதான்."

காசை அவளே பொறுக்கிக்கொண்டாள். பாம்பை நினைத்துத்தான் அவள் குரல் அப்படிக் கம்மிப்போய்விட்டது என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். தப்பித்துவிட்டோம் என்று மூச்சுவிட்டார்.

நூல்கண்டு அடுக்கும் பழைய கண்ணாடிப் பெட்டி பாம்புக்கு வீடானது. மேலே மூட, கொசுவலைத் துணியில் எலாஸ்டிக் வைத்து அவரே ஒரு உறை தைத்தார். பெட்டிக்கு மாற்றும்போது மைத்துனன் தலையையும் வாலையும் பிடிக்க, இஞ்சு டேப்பும் வைத்துப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு இஞ்சு. "மார்பு, இடுப்பு, சீட்டு எல்லாம் ஒரே அளவு. எல்லாக் கஸ்டமரும் இப்படி இருந்தா நான் எப்பவோ பெரிய ஆளாயிருப்பேன்" என்றார் மாஸ்டர். மைத்துனன் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கடைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டே இருந்தாள்; காஜா போடும்போது கால்களை ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

சாரை எதையும் தின்னவில்லை. தவளை பிடித்துப் போட்டார்கள், அது பெட்டி மூலையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்துவிட்டுச் செத்தது. முட்டை வைத்தார்கள், நாறியது. மைத்துனன் ஒரு சுண்டெலியைக் கொண்டுவந்து விட்டான். சாரை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எலிக்குப் பசிக்குமே என்று மாஸ்டர் ரொட்டித் துண்டு போட, அது தின்று கொழுத்து, வலையைக் கடித்துக்கொண்டு வெளியே போய், ஒரு பேண்ட் துணியில் ஓட்டை போட்டது. எலிக்காக வந்த பாம்பு இப்படி எலி வளர்த்தது. ஓட்டை விழுந்த வலைக்கு மனைவிதான் ஒட்டுப்போட்டாள். தின்னாத பாம்பு மற்ற நேரமெல்லாம் கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தது. பெட்டியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மூக்கைத் தேய்த்துக்கொண்டே போகும், திரும்பும், மறுபடி போகும்.

"அதோட மூக்கு புண்ணாயிருக்குங்க" என்றாள் மனைவி ஒரு நாள்.

மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது ஒரு பழுப்புக் கோடு. "எங்க? ஒன்னும் இல்லையே. நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"சரி" என்றாள். மற்ற விஷயத்தில் அவள் இப்படிச் சட்டென்று விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. உண்மையில் வரவர அவள் பெரிய வாயாடி ஆகிவிட்டதாக மாஸ்டருக்கு ஒரு குறை இருந்தது. "இந்தப் படி ஈரமாக் கிடக்கு பாருங்க, யாரும் துடைக்கறதில்லை", "வாளியை வழியில வச்சிருக்கேன், அப்புறம் எடுக்கணும்", "டீ சூடா இருக்கு, வலது பக்கம் வச்சிருக்கேன்" என்று நாள் முழுக்க ஒரு தொணதொணப்பு. மதியம் அவர் கண்ணயர்கிற நேரத்தில்கூட மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். என்ன தைக்கிறாய் என்றால் தலையணை உறை என்பாள். வீட்டில் இருந்தது இரண்டே தலையணை.

பன்னிரண்டாம் நாள் காலையில் பெட்டிக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தோடு நிமிர்ந்தாள். "ஏங்க, இதோட கண்ணுல பூ விழுந்திருக்குங்க."

சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது அவருக்குத் தெரியவில்லை. ஊசியில் நூல் கோக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து, வலது கண்ணை அதில் பதித்துத் தேடினார். வெகுநேரம் தேடியபின், சாவித் துவாரத்துக்குள் அந்தக் கண் வந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு. நீலம் பாய்ந்த வெளுப்பு.

"குருடாயிடுச்சு" என்றார் மெதுவாக.

"அடைச்சு வச்சதுல ஆயிருக்குமோ என்னமோ. அப்பவே விட்டிருக்கலாம். தம்பிக்குப் போன் போடவா?"

"இப்ப விடறதா?" அவர் குரல் உயர்ந்தது. "கண்ணு தெரியாததைக் கொண்டுபோய் வெளிய விட்டா ஒரு நாள் தாங்குமா? காக்கா கொத்தும். வண்டி ஏறும். எவனாவது கல்லால அடிப்பான். இங்கன்னா ஒரு மூலையில பத்திரமா இருக்கும்."

"மூலையில பத்திரமா இருக்கறது ஒரு இருப்பாங்க?"

அவள் பாம்பைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்று மதியம் அவள் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, மாஸ்டர் பொத்தான் டப்பாவிலிருந்து தன் சொட்டு மருந்தை எடுத்தார். மனுஷனுக்கு எழுதிக்கொடுத்த மருந்தைப் பாம்புக்குப் போடுகிற பைத்தியக்காரத்தனத்தை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அவர் செய்தார். வலைக்கு மேலிருந்து புட்டியை நசுக்கினார். பத்துச் சொட்டில் ஒன்றாவது அதன் தலையில் விழுந்திருக்கும் என்று ஒரு கணக்கு. மறுநாளும் போட்டார். தன் கண்ணுக்கு ஒரு வேளையைக் குறைத்து அதற்குப் போட்டார்.

நான்காம் நாள் பூதக்கண்ணாடியில் அந்தக் கண் கறுப்பாக இருந்தது. நன்றாக இழைத்த கறுப்புப் பொத்தான் மாதிரி மின்னியது. இன்னொரு கண்ணையும் தேடிப் பிடித்துப் பார்த்தார். அதுவும் கறுப்பு.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். போனது போனதுதான் என்று டாக்டர் சொன்னாரே, போனது வந்திருக்கிறதே. ஒரு பாம்புக்கு வந்தது மனுஷனுக்கு வராதா? அன்றிலிருந்து இரண்டு வேளை மருந்து நான்கு வேளை ஆனது. கண் எரிந்தது, சிவந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று வைத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் எதிர்ச்சுவர்க் காலண்டரைப் பார்ப்பார். தேதி கொஞ்சம் பளிச்சென்று தெரிகிற மாதிரி இருக்கும். நம்பிக்கை பிடித்தவன் கண்ணுக்கு எதுதான் தெரியாது?

மாட்டு டாக்டர் வந்தது இரண்டு நாள் கழித்து. வருஷத்துக்கு ஒரு இஞ்சு இடுப்புப் பெருக்கிறவர். பேண்ட்டைப் பிரித்துத் தைக்க வருவார். வந்தவர் பெட்டியைப் பார்த்து, "அட, சாரையா?" என்று குனிந்தார்.

மாஸ்டருக்கு வாய் நிற்கவில்லை. "இதுக்குக் கண்ணே போயிருந்துச்சு டாக்டர். வெள்ளையாப் பூத்துப் போச்சு. நாந்தான் மருந்து போட்டுக் கொண்டுவந்தேன்."

காஜா போட்டுக்கொண்டிருந்த மனைவியின் ஊசி நின்றது.

"என்ன மருந்து?"

"ஏதோ... கடையில கேட்டு வாங்கினேன். சொட்டு மருந்து."

மாட்டு டாக்டர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "மாஸ்டர், நீங்க பச்சைத் தண்ணி ஊத்தியிருந்தாலும் வந்திருக்கும். சும்மா இருந்திருந்தாலும் வந்திருக்கும். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணு மேலயே கண்ணாடி மாதிரி ஒரு தோல். சட்டை உரிக்கறதுக்கு முன்னாடி பழைய சட்டைக்கும் புதுச் சட்டைக்கும் நடுவுல பால் மாதிரி ஒன்னு சுரக்கும். அப்ப கண்ணு மங்கிப் போகும். அப்புறம் தானாத் தெளியும். இன்னும் ரெண்டொரு நாள்ல உரிச்சுப் போடும் பாருங்க, கண்ணு மேல இருக்கற தோலோட சேத்து."

மாஸ்டர் கையிலிருந்த பேண்ட்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "மனுஷனுக்கு அப்படி எதுவும்..." என்றார்.

"நமக்கு ஏது அந்த வசதி? பிறந்ததிலேருந்து ஒரே சட்டை. கிழிஞ்சாக் கிழிஞ்சதுதான்." டாக்டர் சிரித்துக்கொண்டே பெட்டிக்குக் கிட்டே போனார், சிரிப்பு நின்றது. "என்ன மாஸ்டர், மூக்கு இப்படித் தேஞ்சு ரணமாக் கிடக்கு? சதை தெரியுது. காட்டுல திரிஞ்சதை அடைச்சு வச்சா இப்படித்தான் முட்டும். தீனியும் எடுக்காது. எவ்வளவு நாளாச்சு தின்னு?"

"பதினெட்டு நாள்" என்றாள் மனைவி.

"இந்தப் புண்ணை நீங்க பாக்கலையா?"

கேள்வி மாஸ்டருக்கு. அவருக்கு முன்னால் இரண்டே வழி இருந்தது. பார்க்கவில்லை என்றால் கண் இல்லாதவன். பார்த்தேன் என்றால் ஈவிரக்கம் இல்லாதவன். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தேன் டாக்டர்" என்றார்.

"பாத்துட்டுமா வச்சிருக்கீங்க?"

"ஆமா. பாத்துட்டுத்தான் வச்சிருக்கேன்."

மாட்டு டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பேண்ட்டை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிப் போனார். வழக்கமாகக் குடிக்கிற டீயைக் குடிக்கவில்லை. மாஸ்டருக்கு முகம் எரிந்தது. வாழ்நாளில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை; ஒரு பூனைக்குட்டியைக்கூட அவர் காலால் தள்ளியதில்லை. மனைவி எழுந்து அந்த டீயை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது அவர் தோளில் ஒரு நொடி கையை வைத்துவிட்டுப் போனாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் சாரை சட்டையை உரித்துப் போட்டிருந்தது.

மாஸ்டர் வலையை விலக்கி அதை எடுத்தார். விரல்களுக்கு நடுவில் எடையே இல்லை. நாற்பது வருஷம் துணியைத் தொட்ட விரல்கள். எந்த வெளிநாட்டுத் துணியிலும் இந்த மெல்லிசை அவர் தொட்டதில்லை. தலையிலிருந்து வால்வரை தடவிக்கொண்டே போனார். தையல் இல்லை. ஒட்டு இல்லை. சட்டைக்கையைத் திருப்பிக் கழற்றுவதுபோல உட்புறம் வெளியே வந்திருந்தது. சாணால் அளந்து பார்த்தார். ஆளைவிடச் சட்டை அரைச் சாணாவது நீளம். தலைப்பக்கம் திரும்பி வந்தபோது விரல் நுனியில் இரண்டு சின்னக் குமிழ் தட்டுப்பட்டன. கண்கள் இருந்த இடம். கண்ணுக்கு மேல் இருந்த கண்ணாடி, அப்படியே பொத்தான்போலக் கழன்று வந்திருந்தது.

தன் மருந்து ஒன்றும் செய்யவில்லை என்பதை மாட்டு டாக்டர் சொன்னபோது அவர் அறிந்துகொண்டார். இப்போதுதான் நம்பினார். அந்தக் குமிழ்களை விரலால் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏதோ ஒன்று, எட்டு மாதமாக இழுத்துப் பிடித்த ஏதோ ஒன்று, நூல் அறுந்த மாதிரி விட்டுப்போயிற்று.

"கொண்டுபோய் விட்டுடலாம்" என்றார்.

"தம்பியை வரச் சொல்லவா?"

"வேண்டாம். நம்மளே போகலாம்."

பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, கிடங்குகளுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையைப் பார்த்து நடந்தார்கள். பாம்பென்றால் பத்தடி தள்ளி நிற்கிறவள் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் தொணதொணப்பு வேறு. "இங்க பள்ளம் தோண்டிப் போட்டு மூடாமப் போயிருக்கானுங்க பாருங்க. இந்தக் கம்பி வேலி கிழிச்சாத் துணி போச்சு. இங்க சரிவா இருக்கு, எனக்குப் பயமா இருக்கு, மெதுவாப் போங்க." மாஸ்டர் மெதுவாகப் போனார்.

ஓடை ஓரத்தில் பெட்டியை இறக்கினார்கள். வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்ததெல்லாம் அவருக்கு ஒரே பச்சைக் கலங்கல். வலையை உருவி எடுத்தார், பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்தார். காத்திருந்தார். புல்லில் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. காற்றாகவும் இருக்கலாம்.

"அதோ போகுது பாரு!" என்று கையை நீட்டினார். அவர் முகத்தில் வலிய வரவழைத்த சிரிப்பு. "என்ன வேகம்! கண்ணு வந்துடுச்சில்ல, இனி அதைப் பிடிக்க முடியாது."

மனைவி அவர் நீட்டிய விரலைப் பார்த்தாள். அந்த விரல் காட்டிய வெறும் புல்லைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "போகுது."

அப்போது பெட்டிக்குள், அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், பாம்பு கண்ணாடியை முட்டியது. டொக். மறுபடி ஒரு டொக்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு தானாக இறங்கியது. தண்ணீர் போகிற சத்தம் மட்டும் இருந்தது.

"அன்னைக்குக் காசு சுண்டினேனே," என்றார் கடைசியில். "என்ன விழுந்துச்சு?"

"பூ" என்றாள் அவள்.

"அப்புறம் ஏன் தலைன்னு சொன்ன?"

"நீங்க தலைன்னு சொன்னீங்க."

இருபது நாள். பாம்புக்குப் பயந்து காலைத் தரையில் வைக்காமல் உட்கார்ந்திருந்தாளே, அந்த இருபது நாளும் அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. ஈரப் படிகளும், வழியில் வைத்த வாளியும், வலது பக்கம் வைத்த டீயும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"மத்தியானத்துல தைக்கிறியே, தலையணை உறை..."

"காலருங்க" என்றாள். குரல் உடைந்தது. "ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கும். பிரிச்சுத் தைப்பேன். சில சமயம் சட்டைக்கை மேலயே தச்சிருப்பீங்க."

"எல்லாமேவா?"

"இப்ப எல்லாமே."

அவர் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மானம் போய்விட்டது என்று நினைத்தார்; ஆனால் அது எப்போதோ போய்விட்டது, அவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை. கத்தரியை இனிமேல் மேலே தூக்கி வைக்கப் போகிறாளா என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. பதில் எதுவானாலும் அவர் இனி கத்தரியால் ஒன்றும் செய்யப்போவதில்லை.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியின் அடியைத் தூக்கிச் சரித்தாள். உள்ளே ஏதோ வழுக்குகிற சத்தம்.

"எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இப்பத்தான் தலையை நீட்டுது. நாக்கை நீட்டி நீட்டிப் பாக்குது. வெளிய வந்துடுச்சு. புதுச் சட்டை பளபளன்னு இருக்குங்க. ஓடைப் பக்கம் திரும்புது." கொஞ்சம் நிறுத்தினாள். "நின்னுடுச்சு. உங்களைத் திரும்பிப் பாக்குது."

"பொய் சொல்லாத."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, பாக்கலை" என்றாள். "போயிட்டே இருக்கு."